ஆய்வேட்டுக்கு எந்தக் கேள்வி: நிலவின் சிறு மோதல் குழிகளா, களத்துப் பாறைகளா?

நிலவுநோக்கி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். புவி மற்றும் கோள் அறிவியலில் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஆய்வேட்டுக்கான தலைப்பை இந்தப் பருவம் முடிவதற்குள் நெறியாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் முன் இரண்டு வழிகள் உள்ளன. எங்கள் துறையில் நடந்துவரும் களப்பணியில் சேர்ந்து, உருமாறிய பாறைகள் நிறைந்த ஒரு பகுதியை வரைபடமாக்குவது முதல் வழி. 2009-இல் ஏவப்பட்ட லூனார் ரிகானைசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலத்தின் படங்களைக் கொண்டு, நிலவின் பசால்ட் சமவெளிகளில் உள்ள சிறு மோதல் குழிகள் காலப்போக்கில் எவ்வாறு ஆழம் குறைந்து தேய்கின்றன என்று பார்ப்பது இரண்டாவது வழி.

என் மனம் இரண்டாவதில் நிற்கிறது. குழியின் விளிம்பு உள்ளே விழுத்தும் நிழலின் நீளத்தை அளந்து, படம் எடுக்கப்பட்டபோது சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரக் கோணத்தில் இருந்தது என்பதைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம் என்றும், ஆழத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தேய்ந்த குழி என்று வகைப்படுத்தலாம் என்றும் திட்டமிட்டிருக்கிறேன். ஆனால், வேறொருவர் அனுப்பிய விண்கலம் எடுத்த படத்தைத் திரையில் அளப்பது ஆய்வாகாது என்றும், வாய்மொழித் தேர்வில் அது நிற்காது என்றும் மூத்த மாணவர்கள் சிலர் சொல்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பாறைச்சுத்தி

உங்கள் மூத்த மாணவர்கள் சொன்னதை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். களத்தில் நிற்கும் மாணவர் ஒரு பாறையைப் பார்த்துக் கருத்தொன்றைச் சொன்னால், அடுத்த மேட்டுக்கு நடந்து சென்று அந்தக் கருத்து சரியா என்று அங்கேயே சோதிக்க முடியும். சுத்தியால் உடைத்துப் புதிய முகத்தைப் பார்க்கலாம். மாதிரியை எடுத்துவந்து 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்கலாம். அந்தத் தடிப்பில் குவார்ட்சு சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும், மஞ்சளாகத் தெரிந்தால் வெட்டு இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று பொருள். இப்படி ஒவ்வொரு படியிலும் பாறையே நம்மைத் திருத்துகிறது. படத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இருட்டாகத் தெரியும் ஒரு பட்டை நிழலா, வேறு நிறப் பாறையா, ஈரமா என்று கேட்டால் படம் தானாக எதையும் சொல்லாது. புவியின் பாறைகளைக் கையால் தொட்டுப் பழகாதவர் பிற கோள்களின் நிலப்பரப்பை விளக்கும்போது, ஒரே வடிவத்தைப் பல செயல்முறைகள் உண்டாக்கக்கூடும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். ஆகவே முதலில் களப்பணி செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

செம்மண்கோள்

பாறைச்சுத்தி அவர்கள் களப்பணியின் மேன்மையாகச் சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் பிறர் திரட்டிய தரவை ஆராய்வது ஆய்வாகாது என்பதை ஏற்க இயலாது. நம் துறையின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

1962-இல் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் கடலடி மலைத்தொடரின் மேல் கப்பலில் சென்று காந்தப்புல அளவீடுகளைத் திரட்டியவர் டிரம்மண்ட் மேத்யூஸ். கேம்பிரிட்ஜில் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபிரெட் வைன் அந்த அளவீடுகளை எடுத்துக்கொண்டு, புவியின் காந்தப்புலம் அவ்வப்போது திசை மாறியது என்பதையும் கடற்தரை முகட்டிலிருந்து இருபுறமும் விரிகிறது என்ற கருத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார். முகட்டில் புதிதாக உருவாகும் பாறை அந்தந்தக் காலத்துக் காந்தத் திசையைப் பதிந்துகொண்டு விலகிச் செல்லுமானால், முகட்டின் இருபுறமும் மாறி மாறிப் பட்டைகள் அமைய வேண்டும். 1963-இல் இருவரும் சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரை தட்டு நகர்வுக் கோட்பாட்டின் தூண்களில் ஒன்றாக நிற்கிறது. அளந்தவர் ஒருவர், அளவீட்டில் இருந்த பொருளைத் தேடிய மாணவர் வேறொருவர். இதை ஆய்வல்ல என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு செவ்வாயிலிருந்து வருகிறது. லுஜேந்திர ஓஜா அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது, ஒரே சரிவை வெவ்வேறு பருவங்களில் செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலத்தின் ஹைரைஸ் ஒளிப்படக்கருவி எடுத்த படங்களை ஒப்பிட்டு, வெப்பமான மாதங்களில் நீண்டு குளிர்ந்த மாதங்களில் மங்கிப்போகும் குறுகிய கருங்கோடுகளைக் கவனித்தார். 2011-இல் அது சயன்ஸ் இதழில் வெளியானது. உப்பு கலந்த நீர் கசிகிறது என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. 2015-இல் அதே சரிவுகளில் நீரேறிய உப்புகளின் நிறமாலை அடையாளங்கள் கிடைத்ததாக அவரும் உடனாய்வாளர்களும் எழுதினார்கள். பின்னர் 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தக் கோடுகள் உலர்ந்த மணல் சறுக்கி நிற்கக்கூடிய செங்குத்தான சரிவுகளோடு முடிந்துவிடுகின்றன என்றும், நீராக இருந்தால் அதைவிட மென்மையான சரிவுகளிலும் ஓடியிருக்க வேண்டும் என்றும் காட்டி, மணல் நகர்வே காரணமாக இருக்கலாம் என்றது. விளக்கம் மாறினாலும் மாணவர் கண்டறிந்த நிகழ்வு மாறவில்லை. கோடுகள் இருக்கின்றன, பருவத்தோடு வளர்கின்றன, மறைகின்றன. கவனமாகச் செய்த உற்றுநோக்கல் தன்மேல் ஏற்றப்பட்ட விளக்கத்தையும் கடந்து வாழ்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு நம் காலத்தில் குறைவு.

பாறைச்சுத்தி

வைன் பற்றிய செய்தி என் வாதத்தைத் தளர்த்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தரவைத் திரட்டியவர் அவர் அருகிலேயே இருந்தார். காந்தமானி எப்படி இயங்கியது, கப்பல் எந்தப் பாதையில் சென்றது என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொலைவில் இருந்தன. ஆவணக்காப்பகத்திலிருந்து படத்தை இறக்கிக்கொள்ளும் மாணவருக்கு அந்த அண்மை இல்லை. அதை அவர் வேறு வழியில் ஈட்டியாக வேண்டும்.

சிர்கான்

அந்த அண்மையை எப்படி ஈட்டுவது என்பதற்குக் கிளேர் பேட்டர்சனின் மாணவப் பருவம் நல்ல விடை தருகிறது. 1940-களின் இறுதியில் சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவருக்கு ஹாரிசன் பிரவுன் கொடுத்த வேலை, யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாவதைக் கொண்டு வயதை அறிவதற்காக, பாறைகளில் உள்ள சிர்கான் படிகங்களில் ஈயத்தின் ஐசோடோப்புகளை அளப்பது. உடன் பயின்ற ஜார்ஜ் டில்டன் யுரேனியத்தை அளந்தார். யுரேனியத்தின் அளவு எதிர்பார்த்தபடி வந்தது. ஈயம் மட்டும் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக வந்துகொண்டே இருந்தது. அளவீட்டை ஓரளவு சரிசெய்து ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்று அவர் இருக்கவில்லை. கூடுதல் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். காற்றிலும் கண்ணாடிக் கலன்களிலும் வேதிப்பொருள்களிலும் தூசியிலும் ஈயம் கலந்திருந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றையும் நீக்கும் முறைகளை உருவாக்கிய பிறகுதான், கேன்யன் டயாப்லோ உள்ளிட்ட விண்கற்களின் ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு புவியின் வயதை 455 கோடி ஆண்டுகள், கூடக்குறைய 7 கோடி ஆண்டுகள், என்று 1956-இல் அவரால் எழுத முடிந்தது. அந்த எண் இன்றளவும் பெரிதாக அசையவில்லை. அதே தேடல்தான் பிற்காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் உலகெங்கும் பரவியிருப்பதை அவர் வெளிக்கொணரவும் வழி செய்தது.

நிலவுநோக்கி அவர்களுக்கு என் கேள்வி இதுதான்: உங்கள் நிழல் அளவீட்டில் வந்து கலக்கும் அந்த ஈயம் எது? அதற்கு விடை தெரிந்தால், களமா விண்கலப் படமா என்ற விவாதமே தேவைப்படாது.

நிழற்கணக்கு

சிர்கான் அவர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடையைக் கணக்காகவே தருகிறேன். நிலவுநோக்கியின் திட்டத்தில் அடிப்படையான இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நிழலின் கிடைநீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜன்டால் பெருக்கினால், விளிம்புக்கும் நிழலின் நுனிக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு கிடைக்கும். அது குழியின் ஆழமாக இருக்க வேண்டுமானால் நிழலின் நுனி அடித்தளத்தைத் தொட்டிருக்க வேண்டும். குழியின் குறுக்குவெட்டு பரவளையம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு மேட்டை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். விட்டம் 100 மீட்டர், சூரிய உயரம் 20 பாகை என்றால் டேன்ஜன்ட் 0.364. ஆழம் 20 மீட்டராக உள்ள புதிய குழியில் நிழல் ஏறத்தாழ 55 மீட்டர் நீண்டு, நடுப்பகுதியைச் சற்றே தாண்டி நிற்கும். கணக்கிடும் ஆழம் 19.8 மீட்டர். மிக நன்று. இப்போது ஆழம் 10 மீட்டராகத் தேய்ந்துவிட்ட குழியை எடுங்கள். அதில் நிழல் 9 மீட்டர் மட்டுமே நீளும். நுனி சுவரிலேயே நின்றுவிடும். கணக்கிடும் ஆழம் 3.3 மீட்டர். உண்மையான ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு! இன்னும் தேய்ந்து, ஆழம் சுமார் 9 மீட்டருக்குக் கீழே போய்விட்டால், அந்தச் சூரிய உயரத்தில் நிழலே விழாது. அக்குழி உங்கள் பட்டியலில் இடம்பெறாமலே போய்விடும்.

இதன் விளைவு சிறியதல்ல. நீங்கள் அளக்க விரும்புவது தேய்மானம். உங்கள் முறையோ தேய்ந்த குழிகளின் ஆழத்தை மிகக் குறைத்துக் காட்டுகிறது, மிகவும் தேய்ந்தவற்றை முழுமையாக மறைத்துவிடுகிறது. ஆயிரம் குழிகளை அளந்தாலும் இந்தப் பிழை சராசரியில் கரையாது, ஏனெனில் அது எல்லாத் திசையிலும் சிதறும் பிழையன்று. ஒரே பக்கம் சாய்ந்த பிழை. பரவளைய வடிவத்தைக் கருதிக்கொண்டு, சுவரில் நிற்கும் நிழலிலிருந்தும் ஆழத்தை மீட்டெடுக்கும் வாய்பாடு உண்டு. ஆனால் சமவெளிகளின் தளர்மண் படலம் பல இடங்களில் சில மீட்டர் தடிப்பே கொண்டது. அதன் கீழே உறுதியான பாறை இருப்பதால், அதைத் தொடும் சிறு குழிகள் தட்டையான தரையோடும் நடுவில் மேட்டோடும் பிறக்கின்றன. அவற்றுக்குப் பரவளையம் பொருந்தாது. மேலும், கிண்ண வடிவிலான பெரிய எளிய குழிகளில் காணப்படும் ஐந்தில் ஒரு பங்கு என்ற ஆழ விகிதத்தைச் சிறு குழிகளின் தொடக்க நிலையாக அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிறு குழிகள் பல, பிறக்கும்போதே ஆழம் குறைந்தவை. அவற்றைத் தேய்ந்தவை என்று வகைப்படுத்துவது வயதைக் கூட்டிச் சொல்வதாகிவிடும்.

நிலவுநோக்கி

நிழற்கணக்கு அவர்களுக்கு மிக்க நன்றி. வாய்பாட்டை நானே போட்டுப் பார்த்தேன், எண்கள் பொருந்துகின்றன. விண்கலத்தின் குறுகிய கோண ஒளிப்படக்கருவி எடுத்த படங்களில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ அரை மீட்டர் என்பதால், நிழல் நுனியைக் குறிப்பதில் ஓரிரு புள்ளிகள் தவறினாலும் ஆழத்தில் 0.4 மீட்டருக்குள்தான் மாறும். அதை மட்டுமே என் பிழை வரம்பாக எழுதவிருந்தேன். சுற்றியுள்ள தரை சாய்ந்திருந்தால் என்னாகும் என்பதையும் இப்போது கணக்கிட்டேன்: 55 மீட்டர் தொலைவில் 3 பாகைச் சரிவு ஏறத்தாழ 3 மீட்டர் உயர வேறுபாட்டைத் தருகிறது, 20 மீட்டர் ஆழத்தில் அது 15 விழுக்காடு. படத்தின் கூர்மையைவிடத் தரையின் சாய்வு பல மடங்கு பெரிய பிழையைக் கொண்டுவருகிறது. அதே விண்கலத்தில் உள்ள லேசர் உயரமானியின் தரவைக் கொண்டு ஆழத்தை நேரடியாகச் சரிபார்க்கலாமா என்று பார்த்தால், பாதை நெடுகிலும் அதன் அளவீடுகளுக்கு இடையே 50 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 100 மீட்டர் குழிக்கு அது போதாது. இந்த நிலையில் தலைப்பையே கைவிட்டுக் களப்பணிக்குப் போவதுதான் முறையா?

செம்மண்கோள்

கைவிட வேண்டாம். நீங்கள் வந்து நிற்கும் இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது. நிலவின் சிறு குழிகள் எப்படித் தேய்கின்றன என்பது பெரிய கேள்வி. பல குழுக்கள் பல்லாண்டுகளாக உழைக்கும் கேள்வி. ஆனால் நிழல் முறை எந்தத் தேய்மான நிலைக்குப் பிறகு குழிகளை மறைக்கத் தொடங்குகிறது, சூரிய உயரம் மாறும்போது அந்த எல்லை எப்படி நகர்கிறது என்பது ஒரு மாணவர் ஓராண்டில் விடை காணக்கூடிய கேள்வி. ஒரே நிலப்பரப்பு பல்வேறு சூரிய உயரங்களில் படமெடுக்கப்பட்டுள்ளது. சில இடங்களுக்கு, ஒரே இடத்தை இரு வேறு கோணங்களில் எடுத்த இரட்டைக் கோணப் படங்களிலிருந்து ஒரு புள்ளிக்குச் சில மீட்டர் என்ற நுணுக்கத்தில் உயர வரைபடமும் உருவாக்கப்பட்டுள்ளது. அந்த வரைபடத்தை ஒப்பீட்டு அளவாக வைத்து, அதே குழிகளை 10 பாகையிலும் 20 பாகையிலும் 30 பாகையிலும் நிழல் முறையால் அளந்து பாருங்கள். எந்த விடை வந்தாலும் அது பிறருக்குப் பயன்படும்.

பாறைச்சுத்தி

இந்த இடத்தில் செம்மண்கோள் அவர்களோடு உடன்படுகிறேன். களத்திலும் இதே சிக்கல் உண்டு, அதை நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை. வெளியே தலைகாட்டும் பாறைகளைத்தான் நாங்கள் அளக்கிறோம். உறுதியான மணற்கல்லும் குவார்ட்சைட்டும் மேடாக நிற்கின்றன, மென்மையான களிப்பாறை அரிக்கப்பட்டு மண்ணுக்கடியில் போய்விடுகிறது. ஒரு பகுதியின் வரைபடத்தில் உறுதியான பாறைகளே மிகுந்திருப்பதாகத் தெரிந்தால், அது அப்பகுதியின் உண்மையா, அரிப்பு எங்களுக்காகத் தேர்ந்தெடுத்துக் காட்டியதா என்று கேட்க வேண்டும். வரைபடத்தில் நேரில் பார்த்த எல்லைக்குத் தொடர்கோடும் ஊகித்த எல்லைக்கு விட்டுவிட்ட கோடும் போடும் மரபு இதற்காகத்தான் வந்தது. உங்கள் குழிகளுக்கும் அத்தகைய வேறுபாடு தேவை. நிழல் தரையைத் தொட்டதாக உறுதி செய்தவை ஒரு வகை. சுவரில் நின்று, வடிவத்தைக் கருதிக்கொண்டு ஆழம் மீட்டவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே குறியால் போட்டுவிடாதீர்கள்.

நெறியாளர் மேசை

பல ஆண்டுகளாக ஆய்வேடுகளை நெறிப்படுத்திவருபவன் என்ற முறையில் சில நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் அல்ல. இந்தக் குழியைச் சேர்த்தீர்கள், பக்கத்துக் குழியை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியில்தான். எனவே, அளக்கத் தொடங்குவதற்கு முன்பே எந்த விட்ட வரம்பில், எந்தப் பரப்புக்குள் உள்ள குழிகளை எடுப்பீர்கள் என்பதை எழுதி, தேதியிட்டு, நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வரம்புக்குள் வரும் ஒவ்வொரு குழியும், நிழலே விழாததும் உட்பட, அட்டவணையில் இருக்க வேண்டும். நிழல் இல்லை என்பதும் ஓர் அளவீடுதான்.

குழியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதில் தேர்ந்த ஆய்வாளர்களே ஒருவரோடொருவர் வேறுபடுகிறார்கள். ஆகவே உங்கள் குழிகளில் ஒரு பகுதியை, உங்கள் எண்களைப் பார்க்காத மற்றொரு மாணவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். அதே குழிகளைச் சில வாரங்கள் கழித்து நீங்களும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு வேறுபாடுகளும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். உதவியவரின் பெயர் நன்றியுரையில் வருமா, கட்டுரையாக வெளியானால் ஆசிரியர் வரிசையில் வருமா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்வது நல்லது. பிறகு பேசினால் மனத்தாங்கல் வரும். படத்தின் அடையாள எண், பதப்படுத்திய முறை, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். களத்தில் செல்பவர் குறிப்பேடு இல்லாமல் போவதில்லை.

நிலவுநோக்கி

அனைவருக்கும் நன்றி. நெறியாளரிடம் கொடுக்கவிருக்கும் கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: பசால்ட் சமவெளியொன்றில் 80 முதல் 200 மீட்டர் வரை விட்டமுள்ள குழிகளுக்கு, நிழல் முறை தரும் ஆழம் உயர வரைபடம் தரும் ஆழத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது, அந்த விலகல் குழியின் தேய்மானத்தோடும் சூரிய உயரத்தோடும் எவ்வாறு மாறுகிறது? தேய்மானத்தை நிழல் ஆழத்தைக் கொண்டே வரையறுத்தால் கேள்வியும் விடையும் ஒன்றாகிவிடும் என்பதால், அதை உயர வரைபடத்திலிருந்து எடுக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. இரட்டைக் கோணப் படங்களிலிருந்து உருவான உயர வரைபடத்துக்கும் தனக்கே உரிய பிழை இருக்குமே, அதை எப்படி ஒப்பீட்டு அளவாகக் கொள்வது?

நிழற்கணக்கு

சரியான ஐயம். முழு நிழலுக்குள் உள்ள தரையை இரட்டைக் கோணப் பொருத்தத்தால் அறிய முடியாது. இருட்டில் பொருத்துவதற்கான அடையாளங்கள் இல்லாததால், மென்பொருள் சுற்றியுள்ள உயரங்களைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடும். எனவே சூரியன் உயரமாக இருந்து குழிக்குள் நிழல் விழாத படங்களிலிருந்து உருவான வரைபடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடுத்ததாக, அதே பரப்பின் குறுக்கே செல்லும் லேசர் உயரமானிப் பாதைகளை எடுத்து, அப்புள்ளிகளில் மட்டும் வரைபடத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். 100 மீட்டர் குழியின் வடிவத்தைக் காட்ட அந்தப் புள்ளிகள் போதாது என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் முழு வரைபடமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க அவை தாராளமாகப் போதும். சாய்வு இருந்தால், நீங்கள் கணக்கிட்ட 3 பாகைச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டை முதலில் முடியுங்கள். குழிகளின் பட்டியலை அதற்குப் பிறகு தொடங்கலாம்.